நுரைக்கிற ஆறும் சிவக்கிற ஏரியும்

ஓசூர்க்காரங்களுக்கு ஒரு விசித்திரமான யோகம் உண்டு. வீட்டு போர்வெல் தண்ணியில் எவ்வளவு சோப்பு தேய்ச்சாலும் நுரை வராது. ஊருக்கு வெளியே ஆத்துல சோப்பே போடாம மலை மாதிரி நுரை வரும்!

சிரிக்காதீங்க. இந்த ஜோக் என்னோடது இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கச்சி கடிதத்தில் எழுதியிருந்தது. கூடவே இப்படி ஒரு கேள்வி: "பசிபிக் தீவுல இருக்கிற உப்பு ஏரி, அதுல வாழற கிருமினு ஒரு யூனிட் முழுக்க மனப்பாடம் பண்றோம்ணா. எங்க அப்பா சிப்காட்ல ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். 'இதைப் படிச்சா எந்த கம்பெனில வேலை தருவான்?'னு கேட்கிறார். எனக்கே பதில் தெரியலை. நீங்களாவது சொல்லுங்க."

நியாயமான கேள்வி. கேட்டவர் டைம் கார்டு பஞ்ச் பண்ணி, ஃபீஸ் கட்டுகிற அப்பா. அதனால இந்த வாரம் வழக்கமான அரட்டையை ஓரமா வெச்சுட்டு, உப்பு ஏரிக்கு ஒரு டூர் போயிட்டு, கடைசி ஸ்டாப்பா கெலவரப்பள்ளி அணையில் வந்து இறங்கலாம். டிக்கெட் இலவசம். ஏறுங்க!

உப்பு ஏரி எப்படி உருவாகுது?

ரொம்ப சிம்பிள். தண்ணி உள்ளே வர வழி இருக்கு, வெளியே போக வழி இல்லை. வானம் மட்டும்தான் வழி. வெயிலில் தண்ணி ஆவியாகிப் போகும். ஆனா தண்ணி கொண்டுவந்த உப்பு ஆவியாகாது. வந்த விருந்தாளி போயிட்டார், அவர் மூட்டை முடிச்சு மட்டும் நம்ம வீட்டிலேயே தங்கிடுச்சு. இதே கதை தினமும் நடந்தா வீடு என்ன ஆகும்? அதுதான் உப்பு ஏரி.

கடல் தண்ணி ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அதைக் காயவிட்டா எல்லா உப்பும் ஒரே நேரத்தில் விழாது. கியூ வரிசை உண்டு. முதலில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அடுத்து ஜிப்சம். தண்ணி சுமார் பத்தில் ஒரு பங்கா சுண்டின பிறகுதான் நம்ம சாப்பாட்டு உப்பு படிகமாகும். அதுக்கும் பிறகு மிச்சம் நிக்கிற தண்ணியில் மக்னீசியம், பொட்டாசியம் உப்புகள் நிறைய இருக்கும். நாக்கில் வெச்சா கசக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் அந்தக் கசப்புத் தண்ணியை சரியான நேரத்தில் வடிச்சு விடத் தெரிஞ்சவர்தான் கெட்டிக்காரர். காலேஜ் பக்கமே போகாமல் கெமிஸ்ட்ரியில் டிஸ்டிங்ஷன் வாங்கினவங்க அவங்க.

சரி, இவ்வளவு உப்பில் உயிர் இருக்குமா?

இருக்கக்கூடாதுன்னுதான் நம்ம பாட்டி நினைச்சாங்க. அதனாலதான் மாங்காயை உப்பில் போட்டாங்க. மாம்பழ ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பு போட்ட கொஞ்ச நேரத்தில் துண்டுகள் தண்ணி விட்டு சுருங்குது இல்லையா? அதே கதிதான் கிருமிக்கும். வெளியே உப்பு அதிகம், உள்ளே கம்மி. செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே ஓடிடும். கிருமி வத்திப் போயிடும். ஊறுகாய் வருஷக்கணக்கில் கெடாம இருக்கிற ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஆனா சில ஆசாமிகள் இதுக்கும் அசரலை. அவங்க ரெண்டு டெக்னிக் வெச்சிருக்காங்க.

ஒண்ணு, டுனாலியெல்லா சலைனா என்கிற ஒரு செல் பாசியோட டெக்னிக். அது செல்லுக்குள்ள கிளிசரால் தயாரிச்சு நிரப்பிக்கும். வெளியே உப்பு இழுத்தா, உள்ளே கிளிசரால் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். வெயிலிலிருந்து தப்பிக்க பீட்டா கரோட்டின் சேர்த்துக்கும். கேரட்டில் இருக்கிற அதே ஆரஞ்சு சரக்குதான். பாசின்னா பச்சைன்னு நினைச்சீங்கன்னா, இது ஆரஞ்சு சட்டை போட்ட பாசி.

ரெண்டாவது, ஹாலோபாக்டீரியம் கும்பலோட டெக்னிக். பேரில் பாக்டீரியம் இருந்தாலும் இது பாக்டீரியா இல்லை. ஆர்க்கியா என்கிற தனி ஜாதி. 'வெளியே உப்பா? அப்ப உள்ளேயும் உப்பு!' என்று பொட்டாசியம் குளோரைடை அள்ளி நிரப்பிக்கும். அதுக்கேத்த மாதிரி அதன் புரதங்களே மாறிப்போச்சு. விளைவு? உப்பு இல்லாம அதால வாழ முடியாது. நல்ல தண்ணியில் தூக்கிப் போட்டா செல் வெடிச்சு செத்துடும். நம்மளைக் கடலில் தூக்கிப் போட்டா என்னவோ, அதுக்குக் குடிதண்ணி அது!

இந்த ரெண்டு கோஷ்டியும் சேர்ந்து குடியேறினா தண்ணி இளஞ்சிவப்பு, சிவப்புன்னு கலர் மாறும். உப்பளக்காரர்களுக்கு இது நல்ல சகுனம். சிவந்த தண்ணி வெயிலை அதிகம் உறிஞ்சும், சீக்கிரம் காயும். அதே ஆசாமி தப்பான இடத்துக்கு வந்தா வில்லன். சந்தையில் கருவாடு வாங்கும்போது மேலே இளஞ்சிவப்பா படிஞ்சிருந்தா அம்மா ஒதுக்கிடுவாங்க இல்லையா? உப்போட வந்த இதே கும்பல்தான் அது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்க. உப்பு போட்டு வெச்ச தோலில் சிவப்புத் திட்டு வந்தா அவங்க ஏன் பதறுவாங்கன்னு சொல்வாங்க.

2020 ஜூனில் மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி திடீர்னு பிங்க் கலரில் மாறினது ஞாபகம் இருக்கா? விண்கல் விழுந்து உண்டான பள்ளத்தில் நிக்கிற உப்பும் காரமும் கலந்த ஏரி அது. ஆளாளுக்கு ஒரு வதந்தி. புனேயில் இருக்கிற அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணியை எடுத்து சோதிச்சுப் பார்த்தது. உப்பை விரும்பும் ஆர்க்கியாக்கள் பெருகினதுதான் காரணம்னு சொன்னாங்க. 'சாமி குத்தம்' என்று ஆரம்பித்த பேச்சு மைக்ரோஸ்கோப்பில் போய் முடிஞ்சது.

தீவுகளுக்குப் போவோம்

தங்கச்சி மனப்பாடம் பண்ற அந்த பசிபிக் தீவு, கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டியாகத்தான் இருக்கும். கிறிஸ்மஸ் தீவு என்றும் சொல்வாங்க. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், பவளப்பாறை மேல் இருக்கிற தீவு. அதில் நூற்றுக்கணக்கான ஏரிகள். சிலது கடல் மாதிரி, சிலது கடலை விடப் பல மடங்கு உப்பு. அந்த ஏரித் தரையில் கிருமிகளே ஜமுக்காளம் விரிச்சிருக்கு. மேல் அடுக்கில் வெயில் வாங்கி ஆக்சிஜன் விடும் சயனோபாக்டீரியா. அதுக்குக் கீழே மிச்ச வெளிச்சத்தில் பிழைக்கும் ஊதா நிற கந்தக பாக்டீரியா. அடியில் ஆக்சிஜனே இல்லாத கறுப்புச் சேறு. அங்கே சல்ஃபேட்டை வெச்சு வாழ்க்கை நடத்தி, அழுகின முட்டை வாசம் விடும் கோஷ்டி. மேல் வீட்டுக்காரர் போடுற கழிவுதான் கீழ் வீட்டுக்காரர் சாப்பாடு. அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி, ஆனா மெயின்டனன்ஸ் சண்டை கிடையாது!

இவ்வளவு தூரம் எதுக்கு? நமக்குப் பக்கத்திலேயே ஒரு வெப்பமண்டலத் தீவு இருக்கே. இலங்கை.

தெற்கே அம்பாந்தோட்டையில் கடலோரமா இயற்கையாவே உப்பு விளையும் ஏரிகள் உண்டு. சிங்களத்தில் 'லேவாய' என்பாங்க. எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் கணவர் லெனார்டு உல்ஃப், 1908 முதல் 1911 வரை அங்கே ஆங்கிலேய அரசு அதிகாரியா இருந்தார். அந்த உப்பை அள்ளுவதை மேற்பார்வை பார்ப்பது அவர் வேலைகளில் ஒண்ணு. வடக்கே நம்ம தமிழர் பகுதியில் ஆனையிறவு. தீவிலேயே பேர் பெற்ற உப்பளம். 1990-ல் போரால் நின்னு போச்சு. உப்பு விளைஞ்ச இடத்தில் குண்டு விழுந்தது. போர் முடிஞ்ச பிறகுதான் மறுபடி பாத்தி கட்டினாங்க.

'உப்பு விக்கப் போனா மழை' என்பது நம்ம பழமொழி. 2025 தொடக்கத்தில் இலங்கைக்கு அது நிஜமாவே நடந்தது. மழை விடாம பெய்ததில் உப்பு விளையலை. சுத்தி கடல் இருக்கிற தீவு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது!

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். கொஞ்சம் கவனிங்க.

அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் பூந்தல என்கிற சரணாலயம். 1990-ல் இலங்கையின் முதல் ராம்சார் ஈர நிலமா அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் உப்புக் காயல்கள் அங்கே இருக்கு. மேலே கிரிந்தி ஓயா ஆற்றில் ஒரு பெரிய பாசனத் திட்டம் வந்தது. வயலுக்குத் தண்ணி, விவசாயிக்கு சந்தோஷம். நல்ல விஷயம்தான். ஆனா வயலில் பாய்ஞ்சு வடிஞ்ச மிச்சத் தண்ணி, உரச் சத்தோட சேர்ந்து எம்பிலிகல, மலல என்ற ரெண்டு காயல்களில் போய் விழுந்தது. உப்பு குறைஞ்சது. உப்பை நம்பி இருந்த உயிர்கள் தடுமாறின. இறால் பிடிச்சவங்களுக்கு அடி. பறவைகளுக்கு இரை குறைந்தது.

கவனிச்சீங்களா? அங்கே யாரும் விஷம் கலக்கலை. கலந்தது உப்பில்லாத தண்ணிதான். அதுவே ஒரு ஏரியைக் கெடுத்துடுச்சு. அதாவது, 'நல்ல தண்ணி, கெட்ட தண்ணி'ன்னு பொதுவா எதுவும் இல்லை. அந்த ஏரிக்கு எது வழக்கமோ அதுதான் அதுக்கு நல்லது. அதை முடிவு பண்றது ஏரி இல்லை. மேலே இருக்கிறவங்க.

மேலே இருக்கிறவங்க... இப்ப நம்ம ஊர் ஞாபகம் வருதா?

கடைசி ஸ்டாப்: கெலவரப்பள்ளி

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரு ஓரமா வந்து, ஓசூர் பக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையுது. முதல் அணை கெலவரப்பள்ளி. அப்புறம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று போய் கடலூரில் கடலில் கலக்கும். பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிரம்பி வழியும் கழிவுத் தண்ணியும் இந்த ஆத்தோடதான் சேருது. மழைக்காலத்தில் மதகு திறந்தா போதும். கெலவரப்பள்ளியில் வெள்ளை வெளேர்னு நுரை. காத்தடிச்சா வயலில் போய் விழும். ஒருமுறை போய் நின்னு பார்த்தேன். தூரத்தில் ஊட்டி மாதிரி இருந்தது. பக்கத்தில் போனா மூக்கைப் பிடிக்கணும். பக்கத்தில் நின்ன ஒரு பெரியவர், "செல்போன்ல படம் புடிக்கத்தான் எல்லாரும் வராங்க தம்பி, இந்தத் தண்ணியில வெளைஞ்ச தக்காளியை வாங்க வரச் சொன்னா வர மாட்டாங்க" என்றார். செல்போனைப் பாக்கெட்டில் போட்டுட்டேன்.

இப்ப தங்கச்சியோட ஜோக்குக்கு வருவோம். போர்வெல் தண்ணியில் கால்சியம், மக்னீசியம் அதிகம். அது சோப்பைப் பிடிச்சு அழுக்குத் திரியா மாத்திடும். அதான் நுரை வரலை. ஆனா துணி துவைக்கிற டிடர்ஜென்ட் பவுடரில் இருக்கிறது சோப்பே இல்லை. அது வேற ரசாயனம். கடினத் தண்ணியிலும் நுரைக்கணும்னே செஞ்சது. அதான் ஆத்தில் நுரை.

அந்த ரசாயனத்தைக் கிருமிகளால் தின்ன முடியும். ஒரே கண்டிஷன்: ஆக்சிஜன் வேணும். சாக்கடை நிரம்பின ஏரியில் ஆக்சிஜன் எங்கே இருக்கு? அதனால அது சேறோட ஒட்டிக்கிட்டு அடியில் தங்கிடுது. மழை வந்து கலக்கினா மேலே கிளம்புது. தண்ணி உயரத்திலிருந்து விழுந்தா நுரைக்குது. தண்ணியில் மிதக்கும் கிருமிகளும் அந்த நுரை சீக்கிரம் உடையாம இருக்கத் துணை போகுது. பெல்லந்தூர் நுரையை ஆராய்ந்த பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் கண்ட கதை இதுதான்.

ஆகவே நுரைக்கு மருந்து உண்டு. சாக்கடையை ஏரியில் விடுவதற்கு முன்னாடியே காத்து கொடுத்து, கிருமிகளை வேலை வாங்கினா போதும். நுரை கிருமிக்குச் சாப்பாடு.

ஆனா உப்பு?

உப்பை எந்தக் கிருமியும் தின்னாது, நண்பர்களே. இதை நோட்டில் பெரிசா எழுதி வெச்சுக்கோங்க. ஹாலோபாக்டீரியம்கூட உப்பில் வாழுமே தவிர உப்பை ஒழிக்காது. பத்தாம் வகுப்பில் படிச்சோமே, அமிலமும் காரமும் சேர்ந்தா உப்பும் தண்ணியும்னு. ஒரு தொழிற்சாலை அமிலக் கழிவில் காரம் ஊத்தி பி.எச். 7-க்குக் கொண்டு வந்துட்டா, 'சரி பண்ணிட்டோம்' என்று தோணும். பி.எச். சரிதான். உப்பு எங்கே போச்சு? அங்கேயேதான் இருக்கு.

வீட்டு ஆர்.ஓ. மெஷினையே எடுத்துக்கோங்க. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு உள்ள தண்ணி 3 லிட்டர் உள்ளே போகுதுன்னு வைங்க. மொத்தம் 1,500 மில்லிகிராம். 1 லிட்டர் குடிதண்ணி 50 மில்லிகிராமோட வெளியே வந்தா, மிச்சம் 1,450 மில்லிகிராமும் அடுத்த 2 லிட்டரில் போய் உட்காரும். லிட்டருக்கு 725. உப்பு குறையலை, இடம்தான் மாறுச்சு. இதையே ஒரு தொழிற்பேட்டை அளவுக்குப் பெருக்கிப் பாருங்க. அதனாலதான் சில ஆலைகளில் மிச்சத் தண்ணியைக் கொதிக்க வெச்சு, உப்பை மூட்டையாகவே வெளியே எடுக்கிறாங்க. ஒரு சொட்டும் வெளியே விடாத முறை. செலவு அதிகம், கரன்ட் அதிகம். செலவுக்குப் பயந்து யாராவது ராத்திரியில் ஓடையில் திறந்து விட்டா, அந்த உப்பு ஓடையோட போற வழியில் ஏரியில் தேங்கும், நிலத்தடிக்கு இறங்கும். வெயில் சுண்ட வைக்கும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க நல்லது, வேற தண்ணியே இல்லைன்னா 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினா கிணறு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கிரிட்டிமாட்டியின் ஏரி உப்பானது இயற்கை. அங்கே அதுக்குன்னே பொறந்த உயிர்கள் இருக்கு. நம்ம ஏரி உப்பானா, இங்கே தக்காளிக்கும் மாட்டுக்கும் நமக்கும் அந்த ரெண்டு டெக்னிக்கும் தெரியாது.

அப்பாவுக்குப் பதில்

தங்கச்சி, அப்பாகிட்ட இப்படிச் சொல்லு. அவர் வேலை பார்க்கிற மாதிரி ஆலைகளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அங்கே உழைக்கிற பெரிய தொழிலாளி மனுஷன் இல்லை, பாக்டீரியா. ஷிஃப்ட் கிடையாது, ஓ.டி. கிடையாது. ஆனா உப்பு ஏறிட்டா சாதாரண பாக்டீரியா ஸ்ட்ரைக் பண்ணிடும். உப்பிலும் வேலை செய்யற கிருமியைத் தேடி உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்குது. அந்தக் கிருமியை எங்கே தேடுவாங்க? நீ மனப்பாடம் பண்ற அதே உப்பு ஏரியில்.

இன்னொண்ணும் சொல்லு. 1971-ல் ஹாலோபாக்டீரியத்தின் ஊதாச் சவ்வில், வெளிச்சம் பட்டா புரோட்டானைத் தள்ளும் ஒரு புரதம் இருப்பதை ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் என்ற ரெண்டு பேர் எழுதினாங்க. அன்னைக்கு யாராவது 'இதால என்ன லாபம்?' என்று கேட்டிருப்பாங்க. அந்த வழியில் போன ஆராய்ச்சிதான் பின்னாடி மூளை செல்களை வெளிச்சத்தால் இயக்கி ஆராயும் துறையா வளர்ந்தது. 2021-ல் ஊஸ்டர்ஹெல்டும் இன்னும் ரெண்டு பேரும் லாஸ்கர் விருது வாங்கினாங்க. ஐம்பது வருஷம். உப்புச் சேற்றிலிருந்து மூளை வரைக்கும்.

உடனே வேலை கிடைக்கும்னு நான் பொய் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தப் படிப்புக்கு நம்ம ஊரிலேயே வேலை இருக்கு. சம்பளம் தர ஆள் கொஞ்சம் லேட்டா வருவார், அவ்வளவுதான்.

மத்தவங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சரி. நாலு பேர் சேர்ந்தா ஒரு டி.டி.எஸ். பேனா வாங்கிடலாம், சில நூறு ரூபாய்தான். சினிமாவுக்குப் போற காசு. உங்க ஹாஸ்டல் குழாய், வீட்டு போர்வெல், பக்கத்து ஏரி, ஊர்ப் பொதுக்கிணறு - இந்த நாலு இடத்தில் மாசம் ஒருமுறை அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்க. மழைக்கு முன், மழைக்குப் பின் தனியா குறிங்க. நுரையில் கை வைக்க வேண்டாம், கம்பெனி கேட்டில் போய் ஹீரோயிசம் காட்டவும் வேண்டாம். பேனா சொல்றது தோராயக் கணக்குதான். ஆனா ஒரு வருஷ நோட்டு, 'எங்க கிணறு முன்ன இப்படி இல்லைங்க' என்று சொல்லும் ஒரு விவசாயிக்கு சாட்சியா நிக்கும். இப்போ அவர் வார்த்தைக்கு சாட்சி இல்லை. அதான் அவர் மனு மூட்டையில் தூங்குது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்னு சொல்வாங்க. நமக்குத் தண்ணி தந்த ஆத்தை அந்த அளவுக்காவது நினைப்போமே.

நோட்டு ஆரம்பிச்சவங்க முதல் மாத நம்பரை எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம். வரட்டா!